பார்க்கலாம் மேடம்

என் அக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் புழக்கத்தில் உள்ளது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் ‘பார்க்கலாம் மேடம்’.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெளிநாட்டில் பிசினஸ் படிக்கப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட வழிகாட்டுவது அவள் வேலை. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, அவளுக்கு ஒரு நாற்காலி, எதிரே மூன்று. மூன்று எதற்கு என்றால் பிள்ளை தனியாக வருவதே இல்லை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை, கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல. உட்கார்ந்ததும் அப்பா கேட்பது ஒரே கேள்வி.

“எவ்வளவு பர்சென்ட் சான்ஸ் இருக்கு மேடம்?”

அக்கா மார்க்கைப் பார்ப்பாள். கணக்கில் எப்படி என்று தனியாகப் பார்ப்பாள். பிள்ளை எழுதிய கட்டுரையைப் படிப்பாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். பிறகு சொல்வாள்: “பார்க்கலாம்.”

அந்தக் கல்லூரிகளில் பிசினஸ் படிப்புக்கு இடமே கொஞ்சம்தான். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் போக மிச்சம் இருப்பதுதான் வெளியிலிருந்து போகிறவர்களுக்கு. அந்த மிச்சத்துக்கு உலகமே வரிசை கட்டி நிற்கிறது. உதவித்தொகையும் வேண்டும் என்றால் வரிசையில் இன்னும் பின்னால் போய் நிற்க வேண்டும். நிற்கிற ஒவ்வொருவரும் முதல் மார்க், ஒவ்வொருவரும் பதினேழு வயதிலேயே ஏதோ ஓர் அமைப்பின் நிறுவனத் தலைவர். “எல்லாரும் தலைவர்னா கூட்டத்துக்கு நாற்காலி போடறது யாருடா?” என்று அக்கா என்னிடம் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? நான் மூக்குக் கண்ணாடி விற்கிறவன்.

எங்கள் இரண்டு பேர் தொழிலும் நேர் எதிர். என் கடையில் யார் எந்த ஃப்ரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாலும், “உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு சார்” என்பேன். அதில் எனக்குக் கூச்சமே கிடையாது. மனிதனுக்குச் சந்தோஷம், எனக்கு வியாபாரம். அக்காவோ இருப்பதைக்கூடக் குறைத்துத்தான் சொல்வாள். நிச்சயம் கிடைக்கும் என்று மனதுக்குள் தெரிந்தால் “ஒருவேளை” என்பாள். ஒருவேளை என்று பட்டால் “ஆசைப்படலாம், தப்பில்லை” என்பாள். ஆசைக்கு மட்டுமே இடம் இருந்தால் “கஷ்டம்தான்” என்பாள். எல்லாம் ஒரு படி இறக்கி.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அப்பாவிடம், “உங்க பையனுக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் ஒரு பேருந்து ஓட்டுநர். தன் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். கிடைக்கவில்லை. பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவர் அக்காவிடம் வந்தார். சண்டை போட வந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள், அந்த விஷயத்தில் அவள் கில்லாடி. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “நீங்க சொன்னீங்களே மேடம்” என்று மட்டும் சொன்னார். இன்னொரு தடவையும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு வந்ததுதான் இந்தப் பார்க்கலாம்.

இப்போது முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளி என்றால் அக்காவின் ஒரே மகள். அத்தான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், என் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் அங்கே கல்லாப் பக்கம்தான் உட்காருவாள். அத்தான் எழுந்து டீ குடிக்கப் போனால்கூட, “எங்கே போறீங்க? ஆள் நிக்குதுல்ல?” என்று அதட்டுவாள். அத்தான் அசடு வழிந்துகொண்டே திரும்பி வருவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அத்தான் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். தலையணை கனத்துக்கு ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு பைண்டிங் போட வருகிறவர்கள் ஒரு விதம். அடையாள அட்டையில் ஒரே ஒரு நகல் எடுக்க வருகிறவர்கள் இன்னொரு விதம். தலையணைக்குப் பின்னால் அட்டை மாட்டிக்கொண்டால் அரைமணி நேரம் நிற்க வேண்டியதுதான். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள். முதலாளி எட்டாவது படிக்கும்போது, மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய மெஷினை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, ‘ஒரே பக்கமா? இங்கே வாங்க’ என்று ஒரு பலகை மாட்டினாள். முதல் நாளே ஒரு கல்லூரி மாணவன் அறுபது பக்க நோட்ஸைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கமாக நீட்டி, “ஒரே பக்கம்தான்” என்று அறுபது தடவை வரிசையில் வந்தான். அத்தான் வயிறு வலிக்கச் சிரித்தார். முதலாளிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. மறுநாள் பலகையில், ‘ஒருத்தருக்கு ஒரு தடவைதான்’ என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கு அடுத்த மாதம் கடையில் கூட்டம் நன்றாகவே கூடியிருந்தது.

பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அவள் எழுதிய கட்டுரை இந்தப் பலகையைப் பற்றித்தான். எந்த அமைப்புக்கும் அவள் நிறுவனர் இல்லை, ஏமாந்த கதையைத்தான் எழுதினாள். என் கடையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள்.

“பிரமாதம்டா கண்ணு! இதைப் படிச்சிட்டு உன்னை வேண்டாம்னு சொன்னா அவங்களுக்குத்தான் நஷ்டம்” என்றேன்.

“மாமா, நீங்க எல்லா ஃப்ரேமுக்கும் இதைத்தானே சொல்றீங்க” என்றாள்.

நான் ஃப்ரேம்களை அடுக்கப் போய்விட்டேன்.

அவள் ஆசைப்பட்ட இடம் ஒன்று இருந்தது. அதன் விளம்பரப் படத்தில் ஓர் ஆறும் இரண்டு மரங்களும் இருந்ததால் நாங்கள் அதை ஆற்றங்கரைக் கல்லூரி என்போம். அங்கே பிசினஸ் படிப்பில் சேர்வது குதிரைக் கொம்பு. உதவித்தொகை இல்லாமல் எங்கள் வீட்டிலிருந்து போகவும் முடியாது. ஒரு நாள் சாப்பிடும்போது முதலாளி கேட்டாள்.

“அம்மா, எனக்குக் கிடைக்குமா?”

அத்தான் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“கஷ்டம்தான்” என்றாள். “ரொம்பக் கஷ்டம். மத்த இடங்களையும் பார்க்கலாம்.”

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் அக்கா என் கடைக்கு வந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, என் காதுக்குள் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“டேய், அந்தக் கட்டுரை இருக்கே, என் மேஜைக்கு இது வரைக்கும் அப்படி ஒண்ணு வந்ததில்லைடா. அவளுக்குக் கிடைக்கும்.”

“இதை என்கிட்ட எதுக்கு சொல்றே? போய் அவகிட்ட சொல்லு.”

“மாட்டேன். கிடைக்கலைன்னா? ‘நீ சொன்னியே’ன்னு அவ என் முன்னாடி வந்து நின்னா நான் எங்கே போவேன்?”

ஊரார் பிள்ளைக்கு ஒரு படி இறக்கிச் சொன்னவள், பெற்ற மகளுக்கு மூன்று படி இறக்கிவிட்டாள். பாசம் அதிகமானால் இப்படித்தான் புத்தி வேலை செய்யும் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு எப்படித் திட்டுவது?

அனுப்பக் கடைசி நாள் வந்தது. அந்த நாட்டில் நள்ளிரவோடு முடிகிறது என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தோடு முடிகிறது. அன்றைக்கு விடுமுறை, நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

“ஆற்றங்கரைக்கு அனுப்பிட்டியா?”

“இல்லைம்மா.”

“நெட் வரலையா?”

“நெட் வருது. நான் அனுப்பலை.”

அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“ஏண்டி?”

“நீதானேம்மா கஷ்டம்னு சொன்னே. நீ போன்ல பேசறதை நான் சின்ன வயசிலேர்ந்து கேட்டுட்டிருக்கேன். பார்க்கலாம்னா நம்பலாம். கஷ்டம்னா இல்லைன்னு அர்த்தம். உன்னை மாதிரி இதைத் தெரிஞ்சவங்க யாரு? இல்லாததுக்கு எதுக்கு அனுப்பணும்? மத்ததெல்லாம் அனுப்பிட்டேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கடை மூடும்போது கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அதெல்லாம் கிடைக்கும்டா, அனுப்பு!” என்றேன் நான்.

“மாமா, ப்ளீஸ்” என்றாள்.

“அனுப்பித்தான் பாரேம்மா” என்றார் அத்தான்.

“நீங்க என்னோட அப்பா. அப்படித்தான் சொல்வீங்க.”

ஆக அந்த வீட்டில் செல்லுபடியாகிற வாய் ஒன்றே ஒன்றுதான், அது மூடியிருந்தது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன். இதில் நான் உதவ முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஆனால் துடைக்கவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“உனக்குக் கிடைக்கும்” என்றாள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தாள். “பார்க்கலாமா?”

“பார்க்கலாம் எல்லாம் இல்லை. கிடைக்கும். உன் கட்டுரை மாதிரி ஒண்ணை நான் படிச்சதே இல்லை. என் பொண்ணுன்னு சொல்லலை. வேற யார் பிள்ளையாவது இதை எழுதியிருந்தா அன்னைக்கே அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடிச்சிருப்பேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “பயந்துட்டேன்டி. கிடைக்கலைன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயந்து உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“ஏம்மா, அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!” என்று கத்தினாள் முதலாளி. கத்திக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அறைக்குள் ஓடி மடிக்கணினியைத் தூக்கி வந்தாள். சோறு ஆறிப் போனது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தும்போது நாங்கள் நாலு பேரும் அந்தத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. வாய் விட்டுச் சொல்லிவிட்டாளே! அலுவலகத்தில் பெற்றோர்களுக்கு முன்னைவிடச் சின்னக் குரலில் பார்க்கலாம் சொன்னாள். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். மற்ற கல்லூரிகளின் பதில் ஒவ்வொன்றாக வந்தது. அவள் ‘ஒருவேளை’யில் வைத்திருந்த ஒரு நல்ல கல்லூரி, பிசினஸ் படிப்பிலேயே இடமும் உதவித்தொகையும் தந்தது. அத்தான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு நகல் இலவசம். யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாகி இருப்பார்கள். அக்காவுக்கு ஆகவில்லை.

“படிக்க இடம் கிடைச்சாச்சு. இன்னும் என்ன?” என்றேன்.

“நான் சொன்னது அது இல்லையேடா.”

ஆற்றங்கரையின் பதில் ஒரு காலை நேரத்தில் வந்தது. அத்தான் கடை திறந்து, மெஷின்கள் சூடாகிக்கொண்டிருந்தன. அக்கா வேலைக்குப் போகிற வழியில் அங்கே நின்றிருந்தாள். நான் என் கடைப் பூட்டைத் திறந்த கையோடு போய்ச் சேர்ந்தேன். முதலாளி வாசல் மெஷின் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மடிவதைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

“இல்லைம்மா” என்றாள். “கிடைக்கலை.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு நின்றாள். அடுத்து எந்த வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும், இத்தனை வருடமாக அதற்குத்தானே பயந்தாள்.

“நீ சொன்னியேம்மா” என்றாள் முதலாளி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். கண்ணில் நீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது.

“கிடைக்கும்னு நீ சொன்னியேம்மா! நான் கேட்டு நீ யாருக்கும் அப்படிச் சொன்னதே இல்லையே. எனக்குச் சொன்னே இல்ல? அவங்க இல்லைன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ சொன்னதை நான் கையோட எடுத்துட்டுப் போறேன்.”

அக்கா ‘ஓ’வென்று அழுதுவிட்டாள், நடுக்கடையில், வேலைக்குக் கட்டிய புடவையோடு. அத்தான் திரும்பி நின்று காகிதக் கட்டை அடுக்குகிற மாதிரி பாவனை செய்தார். நான் என் கண்ணாடியில் ஏதோ தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். மூன்று பேர் அழுவதைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்.

“நான் அப்புறம் வரட்டுமா? எனக்கு ஒரே பக்கம்தான்.”

“இல்லை, இல்லை, இங்கே வாங்க” என்றாள் முதலாளி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் நகலை வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்துத் தயங்கி, “எல்லாம் சரியாயிடுமாம்மா?” என்று கேட்டார்.

“ஆயிடும்” என்றாள் அக்கா.