சேர்ப்பது என்கிற வேலை

தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவர், பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவர் என்று ஆளுக்கொரு வேலை. சட்டைக்குக் கை வைப்பவள் கைகாரி. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் கர்வம்தான். கையை ஒட்டுகிறாயா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். ஒட்டுவது தபால்தலையை, கலப்பது பாலில் தண்ணீரை, தான் செய்வது சேர்ப்பது என்பாள். சேர்த்த பிறகும் கை கையாக இருக்கவேண்டும், உடம்பு உடம்பாக இருக்கவேண்டும். ஆனால் பிரிக்க வந்தவனுக்கு வியர்த்துக் கொட்டவேண்டும்.

முதலாளி தன் இன்னொரு கூடத்தை மூடி, அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்தாகிவிட்டது என்று அறிவித்தார். கைகாரி வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். சன்னலோரம் இவர்கள், கதவோரம் அவர்கள். சாப்பிடும்போதுகூட எலியும் பூனையும்தான். தைத்த சட்டைகள் தோளில் சுருக்கம் விழுந்து திரும்பி வந்தன. இவர்கள் அவர்களைச் சொன்னார்கள், அவர்கள் இவர்களை. இன்னொரு தடவை திரும்பினால் இந்தக் கூடத்துக்கும் பூட்டுதான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த சட்டை ஒன்றை மடியில் போட்டுக் கைகாரி பிரித்துப் பார்த்தாள். தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுவார்களே, அதை இவர்கள் அரை அங்குலம் விடுகிறார்கள், அவர்கள் கால் அங்குலம். உடம்பைத் தைத்தது அவர்கள், கையை வைத்தது இவள். ஆர்டரே அவர்களோடு வந்ததுதான், துணியும் அவர்கள் கணக்கில்தான் வெட்டி வருகிறது. அதில் இவள் அரை அங்குலம் பிடித்துத் தைத்தால் தோள் சுருங்கத்தான் செய்யும். ஆக, கோளாறு தன்னிடம். அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அரை அங்குலத்தில் ஒரு நூல் பிசகாதவள்.

மறுநாள் வேலை தொடங்குமுன், அந்தப் பக்கத்தில் கை வைக்கிற ஒல்லியான உயரமான பெண்ணிடம் போய் நின்றாள். ஒட்டடைக்குச்சி என்று இவளே பெயர் வைத்துக் கேலி செய்தவள்தான்.

"தப்பு என்னுதும்மா. கால் அங்குலம் எனக்குப் பழக்கமில்ல. பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடு."

கூடமே தையலைத் தொடங்காமல் பார்த்தது. முதல் கை கோணிக்கொண்டது. பிரித்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிரிக்கும்போது ஒட்டடைக்குச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க விரல் பழைய எடத்துக்கே ஓடுதுக்கா. மெதுவா போங்க."

கைகாரியும் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சிரித்தது. சாயங்காலத்துக்குள், பார்க்கவும் சொல்லிக்கொடுக்கவும் என்று நாற்காலிகள் இடம் மாறிவிட்டன. யாரும் அவற்றைத் திருப்பி இழுத்துப் போகவில்லை.

அடுத்த சரக்கைச் சோதிக்க, வாங்குகிற கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஒரு சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தோளைத் தடவிப் பார்த்தார். சரக்கு போகலாம் என்றவர், இவ்வளவு சுத்தமாகக் கை வைத்தது யார் என்று கேட்டார். கைகாரி வாயைத் திறப்பதற்குள், ஊசியால்கூட ஒரு கையைத் தொட்டறியாத காஜாக்காரர் கதவோரத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"நாங்கதாம்மா."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். தன் வேலைக்கு வரும் பாராட்டில் இதுவரை யாருக்கும் பங்கு கொடுத்திராத கைகாரியும் ஆமாம் என்றாள். அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.