ஓடிபி வந்தவரே முதலாளி

நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைப்பதில் கஷ்டமான வேலை கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்பதுதான் என்று நினைக்கிறவர்கள், இன்னும் லைசென்ஸுக்கு மனுப் போடாதவர்கள். போட்டவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. வாங்க, பக்கத்தில் உட்காருங்க, சேர்ந்தே பெருமூச்சு விடுவோம்.

என் பெயர் பாத்திமா. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் காசிம், சவுதியில் ஒரு மெஸ்ஸில் சமையல். அங்கே கூட இருந்த பாலக்காட்டுக்காரரிடம் நேந்திரங்காய் வறுக்கக் கற்றுக்கொண்டு, லீவில் வரும்போதெல்லாம் தெருவுக்கே வறுத்துப் போடுவார். இந்தத் தடவை வந்து இறங்கியதும், "இனிப் போகலை பாத்திமா. குத்தாலத்துல கடை போட்டிருவோம்" என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. திரும்பிப் போக அவருக்கு இருந்த விசா ஜூலை முதல் வாரத்தோடு முடிகிறது. அதற்குள் கடையைத் திறந்து, ஓடும் என்று தெரிந்தால் இங்கேயே இருப்பார். திறக்க முடியாவிட்டால் சாரல் சீசன் கைவிட்டுப் போகும், மறுபடியும் விமானம், மறுபடியும் போனிலேயே குடித்தனம். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆபீஸ்களுக்குத் தெரியாது.

எதை முதலில் காட்டுவது?

மேலகரத்தைத் தாண்டி அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. ஓனர் அண்ணாச்சி தங்கமான மனுஷன். ஆனால் அதற்கு முன்னால் இருந்தவர் லைசென்ஸ் இல்லாமல் பஜ்ஜி போட்டதால், நடுச் சீசனில் ஆபீஸிலிருந்து வந்து கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள். அதில் சூடுபட்ட அண்ணாச்சி, "மொதல்ல லைசென்ஸக் காட்டுங்க தாயி, அப்பம் அக்ரிமெண்ட் போடுதேன்" என்று சொல்லிவிட்டார். பேரூராட்சி ஆபீஸுக்குப் போனால் அங்கே இருந்த அம்மா, "அக்ரிமெண்ட் கொண்டாங்க, லைசென்ஸ் தருதோம்" என்றார். அண்ணாச்சியிடம் போனோம். அம்மாவிடம் வந்தோம். எங்கள் ஸ்கூட்டிக்கு அந்த வழி மனப்பாடமே ஆகிவிட்டது.

ஒருநாள் பொறுமை போய், "நாங்க என்னதான் செய்யணும், நீங்களே சொல்லுங்க மேடம்" என்று அந்த அம்மாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். காசிம் என் கையைப் பிடித்து இழுக்கிறார், நான் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த அண்ணாச்சிய இங்கன கூட்டிட்டு வாங்க. கல்யாணத்துல ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே இடத்துல உக்காந்துதான கையெழுத்துப் போடுதாங்க, நீ மொத, நீ மொதன்னு நின்னா பிள்ளைக்கு வயசாயிரும்."

சுரண்டை டீச்சர்

அண்ணாச்சி வந்தார். வந்த இடத்தில் இன்னொரு பூதம் கிளம்பியது. கடையின் தீர்வை ரசீது, அதாவது சொத்துவரி கட்டின ரசீது, இன்னும் அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, அண்ணாச்சி தீர்வையை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். எல்லோரும் என்றால் அண்ணாச்சியும், சுரண்டையில் இருக்கிற அவருடைய அக்காவும். அக்கா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. "நீங்களே போய் வாங்கிக்கோங்க, நான் வந்தா கதவத் தொறக்க மாட்டா" என்று அண்ணாச்சி கழன்றுகொண்டார்.

கையில் ஒரு பொட்டலம் சிப்ஸோடு சுரண்டை பஸ் ஏறினோம். டீச்சர் அக்ரிமெண்டை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். பிறகு சிப்ஸை எடுத்து வாயில் போட்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு மென்றார். காசிம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நிற்கிறார். "உப்பு கொஞ்சம் கூட" என்றார் டீச்சர். அப்படிச் சொல்லிக்கொண்டே பொட்டலத்தில் பாதியைக் காலி செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாடகை வாங்க வாரேன்னு வந்து என் தம்பி இத ஓசியில தின்னுட்டுப் போவான், அது கூடாதுன்னும் இதுல ஒரு வரி சேத்துக்கோ."

யாரோ ஒருவர் கையில் எங்கள் நம்பர்

அந்தத் தாளோடு பேரூராட்சியில் லைசென்ஸ் மனுவைக் கொடுத்தாயிற்று, அதோடு முடிந்தது என்று நினைத்தோம். வங்கியில் கடைப் பெயரில் கணக்குத் திறக்கப் போனால் உத்யம் பதிவு கேட்டார்கள். சிறுதொழில் நடத்துகிறோம் என்பதற்கான சான்று அது. ஆதார் நம்பரைப் போட்டால் போனுக்கு ஓடிபி வரும், அதைத் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார்கள். மேலகரத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிற ரேவதியிடம் போனோம். காசிமின் ஆதாரைத் தட்டினாள். ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தது. எங்கள் போன் ஒன்றுமே பேசவில்லை.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆதாரில் இருந்தது காசிமின் பழைய நம்பர். நம்மூரில் சவுதிக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் இவரும் செய்திருக்கிறார். அங்கே போய் அந்த ஊர் சிம் வாங்கினதும், ஊர் சிம்மைப் பர்ஸுக்குள் செருகிவைத்து ரீசார்ஜ் போடாமல் மறந்துபோனார். சிம் கம்பெனிக்காரன் எவ்வளவு நாள்தான் சும்மா இருப்பான், அந்த நம்பரைத் தூக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். பதறிப்போய் அந்த நம்பருக்கு அடித்தேன். பண்பொழிப் பக்கம் வேன் ஓட்டுகிற ஓர் அண்ணன் எடுத்தார். "இப்பம் உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்கண்ணே, எங்க பிழைப்பே அதுலதான் இருக்கு" என்று கெஞ்சினேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "போன எடுத்தாலே ஒரு பொம்பளக் குரல் ஓடிபிய ஆருட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லுது, இப்பம் நீங்க சொல்லுன்னு சொல்லுதீய, நான் எந்தப் பொம்பள பேச்சக் கேக்க?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

ரேவதியின் தீர்ப்பு

ஆதாரில் நம்பர் மாற்றப் போனால் அங்கே டோக்கன் வாங்கவே கூட்டம். மாற்றி, அது ஏறி, பிறகு பதிவு செய்வதற்குள் விசா முடிந்துவிடும். காசிம் ரேவதியின் கடை வாசலுக்குப் போய் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. பெட்டியை எடுத்து வைக்க மனசுக்குள் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது. "டிக்கெட் விலை என்னன்னு பாத்திரட்டா பாத்திமா" என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். ரேவதிதான் என் போனைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ஆதார்ல எந்த நம்பர் இருக்கு?" என்றாள். இதே நம்பர்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. காசிம் சவுதியிலிருந்து கூப்பிடும்போது கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று ஒரு மாசம்கூட ரீசார்ஜ் தவறவிட்டதில்லை.

கடையை என் பெயரில் பதிவது என்று முடிவாயிற்று. காசிமுக்குச் சின்ன வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போர்டில் தன் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று சவுதியிலேயே யோசித்து வைத்திருந்தவர். "ஒம் பேர்ல இல்லாட்டா அது ஒங் கடையா மச்சான்னு ஊர்ல கேப்பானுவளே" என்று ரேவதியிடம் பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாகச் சொன்னார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஓடிபி யாருக்கு வருதோ அவுகதான் முதலாளி அண்ணே, கவர்மெண்டே அப்படித்தான் நெனைக்கி."

மறுபடியும் சுரண்டை

எல்லாத் தாளும் ஒரே பெயரில் இருக்க வேண்டுமே. அக்ரிமெண்டும் லைசென்ஸ் மனுவும் காசிம் பெயரில் இருக்கின்றன. புது முத்திரைத்தாள், மறுபடியும் சுரண்டை பஸ், மறுபடியும் சிப்ஸ். இந்தத் தடவை உப்பைக் குறைத்திருந்தோம். டீச்சர் என் பெயரைப் பார்த்தார், காசிமைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது மட்டும் வாசல்வரை வந்தார்: "மொதல்லயே ஒம் பேர்ல போட்டிருந்தா எனக்கு ஒரு பொட்டலம் நட்டமாயிருக்கும்."

வேலையாள் எங்கே?

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுக்காகக் கடையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தண்ணீர் டேங்கைப் பார்த்தார், எண்ணெய் டின்னைப் பார்த்தார், மூடிவைத்த வாளிகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான் முந்தின நாள் தேய்த்த தேய்ப்பில் என் நகம் எல்லாம் போயிருந்தது. என்னுடைய மருத்துவச் சான்றைக் கேட்டார், கொடுத்தேன். பிறகு அடுப்புப் பக்கம் தலையில் வலைத்தொப்பியோடு நின்ற காசிமைப் பார்த்து, "இவரு யாரும்மா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் சார்" என்றேன். "இங்கன என்ன செய்யுதாரு?" என்றார். "அவர்தான் சார் வறுக்காரு, எனக்கு வறுக்கத் தெரியாது" என்றேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "வீட்டுல அவரு யாரா வேணா இருக்கட்டும், கடையில உங்க வேலையாள், வேலையாளுக்கும் மெடிக்கல் சான்று எடுத்துட்டு நாளைக்கு வாங்க முதலாளியம்மா."

அருவியில் தடை

சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டிக் கடையைத் திறந்தபோது விசா முடிய அதிக நாள் இல்லை. திறந்த அன்றைக்கு மலையில் நல்ல மழை. மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே திரும்பிப் போய்விடும், நம் அதிர்ஷ்டம் இதுதான் என்று நான் இடிந்து உட்கார்ந்தேன். யாரும் திரும்பிப் போகவில்லை. தடையை எப்போது எடுப்பார்கள் என்று சாரலில் நனைந்துகொண்டே ரோட்டில் நின்றார்கள். நிற்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? சூடாக ஏதாவது வேண்டும். காசிம் வாணலியை விட்டு நகரவே இல்லை. அடுத்த நாளும் தடை, அடுத்த நாளும் அதே கூட்டம். தடையை நீக்கின பிறகு குளித்துவிட்டு வந்தவர்களும் ஊருக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் சவுதியிலிருந்து மெஸ் சூப்பர்வைசர் போன் செய்தார். எப்போது வருகிறாய் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. காசிம் ஒரு கையில் கரண்டியோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "வரலண்ணே, இங்கன வேற எடத்துல வேலைக்குச் சேந்துட்டேன், முதலாளியம்மா லீவு தர மாட்டேங்காக."

ஆகவே என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுகிறவர்களே, கடை தொடங்க எத்தனையோ தாள் கேட்பார்கள், எல்லாவற்றையும் எடுங்கள், ஆனால் அவர் குரலைக் கேட்பதற்காக நான் மாசாமாசம் போட்ட ரீசார்ஜ்தான் கடைசியில் அவரைப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தது என்பதால் சிம்மை மட்டும் சாகவிட்டுவிடாதீர்கள்.