முதல் மிடறு தம்பிக்கு

"மாமா, அப்பா விடியக்காலையில போயிட்டாரு" என்று ராமுவின் மகள் கிளேபாங்கிலிருந்து தொலைபேசியில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன வாரம் என்னோடு சண்டை போட்டவன், சமாதானம் ஆகாமலே போய்விட்டான், பாவி. அவனை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். "அவர்" என்று எழுத எனக்கு வராது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், காஜா பெராங் தெருப் பையன்களின் பந்து அணிக்கு ராமுதான் கேப்டன். எங்களில் எல்லாச் சாதியும் உண்டு. ஒருவன் எச்சில் ஒருவனுக்கு ஆகாதென்று வீட்டில் பழகியபடி ஆளாளுக்கு அண்ணாந்து குடிப்போம். அதைப் பார்த்து ஒருநாள் அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "வாய் வச்சுக் குடிக்கிறவன் விளையாடு, மத்தவன் வீட்டுக்குப் போ!" அன்றிலிருந்து ஒரே கெட்டில், கருப்பட்டித் தேநீர். எல்லாரிலும் சின்னவனான அவன் தம்பி மணி முதலில் குடிப்பான். எல்லார் எச்சிலோடும் கடைசி மிடறு கேப்டனுக்கு.

பிறகு ஊரில் வாந்திபேதி வந்தது. ஊசி போடாதவன் திடலில் இறங்கக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாது, பொதுப் பாத்திரம் கூடாது என்று உத்தரவு. வீங்கிய கையோடு ஆடினோம். கெட்டிலை மட்டும் ராமு விடவில்லை. "இத விட்டா மறுபடியும் அண்ணாந்து குடிப்பானுங்கடா" என்றான். எங்களைத் தவிர வேறு யார் இந்தத் தப்பைச் செய்வார்கள்!

ஒரு மாலை மணி திடலுக்கு வந்தபோது கண் குழி விழுந்திருந்தது. வழக்கம்போலக் கெட்டிலுக்குக் கை நீட்டினான். ராமு அவன் முகத்தையே பார்த்தான். சட்டென்று கெட்டிலைப் பறித்து அத்தனையையும் புல்லில் கவிழ்த்தான்.

"எப்பலேர்ந்துடா வயிறு போவுது?"

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாத. கொட்டகைக்குக் கொண்டுபோயிடுவானுங்க. ஆடிட்டு வீட்டுலயே படுத்துக்கிறேன்."

நோய்க்கொட்டகைக்குப் போன யாரும் திரும்பி நாங்கள் பார்த்ததில்லை. மறைத்தாலோ வீட்டில் தாய் இருக்கிறாள், திடலில் நாங்கள் இருக்கிறோம். ராமு தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு தானே சுகாதார நிலையத்துக்கு நடந்தான். அவன் தோளில் குத்திக் குத்தி மணி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. மணி திரும்பவில்லை. "நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டியேடா!" என்று அலறிய தாய் பிறகு நெடுநாள் ராமுவோடு பேசவில்லை.

எங்களில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை. எத்தனை சொல்லியும் அவன் கேட்டது ஒன்றுதான். "கெட்டில்லதான் அவனுக்கு ஒட்டிக்கிச்சோ?"

"இல்லடா மடையா, கிணத்துத் தண்ணி" என்பேன். நம்ப மாட்டான். போன வாரச் சண்டையும் இதுதான்.

யுத்தம் முடிந்து கெட்டில் மறுபடி திடலுக்கு வந்தது. முதல் மிடறை ராமு மண்ணில் ஊற்றினான். மிச்சத்தை வாய் வைத்துக் குடித்தோம். அதன்பின் எங்களோடு வெளியே எங்கே எதைக் குடித்தாலும் அவனுக்கு அதே வழக்கம்.

சாவு வீட்டில் அவன் மகள் எனக்குக் காப்பி கொடுத்தாள். நான் முதல் மிடறை வாசலில் ஊற்றினேன்.

"கை நடுங்குதா மாமா?" என்று துணி எடுத்து வந்தாள்.

"இல்லம்மா, அது ஒன் சித்தப்பாவுக்கு."

ராமுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். அதுவும் பாதிதான் தெரிகிறது. கேப்டனுக்குரிய கடைசி மிடறை என்ன செய்வதென்று தெரியாமல், அவனைத் தூக்கிக்கொண்டு போகும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன்.