மணியை நிற்க வைத்த குகை

பேய் பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். பாரிவாக்கத்தில் எங்கள் வயலே சுடுகாட்டை ஒட்டித்தான், அங்கேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, அதுவும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆரம்பித்தது.

தொண்ணூற்றேழில் மண்ணூர்பேட்டையில் இரும்பு அச்சு செய்கிற ஒரு பட்டறையில் டிராயிங் போடுகிற வேலை எனக்கு. ஒரே கம்ப்யூட்டர், காலை ஷிப்டு நான், இரண்டு மணிக்கு மேல் ஆரோக்கியம். யாரோ ஃபிளாப்பியில் கொடுத்த விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றியிருந்தோம், முதலாளிக்குத் தெரியாது. மெஷினை ஷிப்டு மாற்றிக் கொடுக்கிற மாதிரியே, சாப்பாட்டு நேரத்தில் நான் விட்ட இடத்திலிருந்து அவன் ஆடுவான், அவன் விட்ட இடத்திலிருந்து நான். வாள் பிடித்த வீரனுக்கு என் பெயர், துரை. விசில் அடித்தால் ஓடிவந்து கூடவே சண்டை போடுகிற ஓநாய்க்கு மணி என்று பெயர் வைத்தவன் ஆரோக்கியம். கிடைத்த கறியை எல்லாம் அதற்கே போட்டு எட்டு மாதம் வளர்த்தான்.

அப்போதுதான் எங்கள் இருவரில் ஒருவரை நிரந்தரம் பண்ணப்போவதாகப் பேச்சு. என் டிராயிங்கில் இருபத்தாறு என்று இருக்க வேண்டியது இருபத்தெட்டாகிவிட்டது, ஒரு அச்சே வீண். தப்பு என்னுடையதுதான். ஆனால் ஆரோக்கியம் என்னிடம் சொல்லாமல் நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னான் பாருங்கள், அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. வேலை அவனுக்குப் போயிற்று.

தங்கச்சி கல்யாணம் என்று அவன் பூந்தமல்லிக்குப் போன மூன்று நாளில் நான் பழிவாங்கினேன். அந்த விளையாட்டில் ‘நில்’ என்று ஒரு கட்டளை உண்டு. போட்டால், நாம் திரும்பி வந்து கூப்பிடும்வரை ஓநாய் அசையாது. மணியை நெருப்புக் குகைக்குள் கூட்டிப்போய் ‘நில்’ போட்டுவிட்டு, நான் மட்டும் வெளியே வந்து கதவை மூடினேன். உள்ளே அது எரிந்தது. செத்தால் செத்ததுதான், திரும்ப வராது. சேவ் செய்தேன். அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்தால் ஓநாய் நிற்கிறது. அதன் தலைக்கு மேல் ‘துரை’ என்று இருக்கிறது, வீரன் தலைக்கு மேல் ‘மணி’. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யவில்லை. வீரன் தானாக நடந்தான், ஓநாய் பின்னாலேயே போயிற்று, அதே குகை. ‘நில்’ என்று எழுத்து வந்தது. வீரன் வெளியே வந்து கதவை மூடினான். நம்பினால் நம்புங்கள், எனக்கு உள்ளங்கால் சுட்டது. திரை கறுத்துப்போயிற்று, அதற்குப் பிறகு அந்த விளையாட்டு திறக்கவே இல்லை.

அடுத்த நாள் ஆரோக்கியம் வந்தான், கையில் எனக்கென்று கல்யாணப் பலகாரம்.

"மச்சான், கேம் தொறக்கவே மாட்டேங்குது. மணி இன்னா ஆனான்?"

"எனக்கு இன்னா தெரியும்," என்றேன்.

ஷிப்டு மாறும்போது ஒரு அச்சை இருவரும் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. உலைப் பக்கம் போனோம், அங்கேதான் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெய்த் தொட்டியில் முக்குவார்கள். அளவுகோலை மறந்துவிட்டு வந்தது அங்கே போனதும்தான் தெரிந்தது.

"இங்கியே நில்லு மச்சான், தோ வந்துட்றேன்," என்று ஆரோக்கியம் போனான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் எண்ணெய் பற்றிக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். என் கால் நகரவில்லை. பயத்தில் விறைத்துப்போகவில்லை, மூளை ஓடு ஓடு என்கிறது, கால் கேட்கவில்லை. சட்டைக் கை பற்றி எரிகிறது, நான் நிற்கிறேன். ஆரோக்கியம் புகைக்குள் வந்து என் தோளைத் தொட்டான், அந்த நொடியே கால் விட்டது.

"அல்லாரும் ஓடறாங்க, நீ இன்னாத்துக்குடா நின்னுகினு கீறே?" என்று அழுதான்.

எனக்காக அவன் திரும்பி வந்தான். மணிக்காக நான் போகவில்லை. அதை அவனிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

இந்தக் கைத் தழும்பைப் பார்த்து, தீ விபத்து, அதிர்ச்சி என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அன்றிலிருந்து யாராவது நில்லு, வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், அவர்கள் திரும்பி வரும்வரை எனக்குக் கால் எழும்புவதில்லை. போன மாதம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என் மனைவி அப்படிச் சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனவள், யாருடனோ பேசிக்கொண்டே பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டாள். நினைவு வந்து அவள் திரும்பி வரும்வரை மூன்று மணி நேரம் கொட்டுகிற மழையில் நின்றேன். "எங்க ஊட்டுக்காரரு நில்லுன்னா நிப்பாரு," என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள்.

அவளுக்கு இப்போது மறதி அதிகமாகிக்கொண்டே வருகிறது.