நிதானம் அக்கா

"நிதானமா வாங்க, மாத்திரை எங்கயும் ஓடிடாது!" என்று கத்திக்கொண்டே ஓடுகிறார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்க, அதையே இழுப்பறைக்குள் தேடுகிறார். இருதய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மருந்து கொடுக்கும் இவருக்கு எல்லோரும் வைத்த பெயர் நிதானம் அக்கா. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். ஆனால் அவரிடம் மருந்துக்குக்கூட நிதானம் கிடையாது.

மாமனாருக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் போவதால் அவரை எனக்குத் தெரியும். தன் நாற்காலியைக் கவுன்டருக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார். "முடியாதவங்க நிக்கறதும் நான் உக்கார்றதும் என்ன நியாயம்?" வீட்டிலிருந்து கணவர் அழைத்தால், "அடுப்ப அணைச்சீங்களா இல்லையா?" என்று அவர் போடும் சத்தத்தில் வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

போன மாதம் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தாறுமாறாகத் துடிக்கும் இதயம். பழைய மாத்திரையில் ஆள் சோர்ந்துபோனதால் மருத்துவர் வேறொன்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டை அவர் நீட்டவே இல்லை.

"வேணாம்மா. ஒண்ணுக்கு அடங்கலன்னு இன்னொண்ணு எழுதறாங்க. என் கத முடிஞ்சுபோச்சு. இனிமே எதையும் முழுங்கறதா இல்ல."

பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வெளியே வந்து, அவருக்கு எதிரே தரையில் குந்தினார்.

"யாருண்ணே அப்படிச் சொன்னது? பதட்டம் வந்தா ஒடம்பு 'ஓடு ஓடு'ன்னு இதயத்த வெரட்டுமில்ல? அந்த வெரட்டல் காதுல விழாம பாத்துக்கிட்டது பழைய மாத்திர. உங்கள ரொம்பவே அடக்கிப் படுக்க வெச்சிருச்சு. இது வேற ரகம். ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஓய்வு வாங்கிக் குடுக்கும். அதுக்குள்ள திருட்டுத் துடிப்பு வந்து கதவத் தட்டினா, தொறக்காது."

"அப்போ நோய் முத்திடலையா?"

"வழி மாறுது, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு, இதயத்துல மின்சாரம் பரவற வேகத்தையே கொறைக்கும். இன்னொண்ணு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவாசல்ல நின்னுக்கிட்டு, 'தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க'ன்னு சொல்லும்."

"உங்கள மாதிரியே," என்றார் மனைவி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வரிசை கொல்லென்று சிரித்தது. ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இது கொஞ்சம் பொல்லாத மாத்திரதான், மறைக்க மாட்டேன்," என்றார் அக்கா. "இசிஜி எடுக்கக் கூப்பிட்டா வந்துடணும். நீங்களா நிறுத்தக் கூடாது. தல சுத்தினா உடனே வரணும்."

"நிதானமாவா?"

"அதுக்கு மட்டும் நிதானம் ஆகாது!"

ரொட்டிக்கடைக்காரர் சீட்டை எடுத்து நீட்டினார்.

நேற்று இருவரும் மறுபடி வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் முழங்கைவரை மாவு. "இன்னிக்கு மாவு பூரா இவரே பெசஞ்சாரு. ஆள நிறுத்தவே முடியல," என்று மனைவி புகார் சொன்னார், முகமெல்லாம் சிரிப்பு. அக்கா கவுன்டருக்கு மேலாகக் கையை நீட்டி ரொட்டிக்கடைக்காரரின் மணிக்கட்டில் நாடி பிடித்தார், கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அக்காவின் செருப்பு நுனி அந்தத் துடிப்போடு சேர்ந்து தரையைத் தட்டத் தொடங்கியது, மெல்ல, ஒரே சீராக.