எங்களுக்கு எடுக்காத எக்ஸ்ரே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காந்திபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். யார் யாருடைய நெஞ்சையெல்லாமோ படம் பிடித்தேன். அங்கே வேலை செய்தவர்களுடையதை மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆண்கள் வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். சூலூர்க்காரி. புருஷன் தறி ஓட்டினார். மத்தியானம் என் அறையில்தான் சாப்பிடுவாள். ஒன்றரை வயது மகள் இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்று பெருமையாகக் குறைப்பட்டுக்கொள்வாள். காசநோயாளிகளுக்கு ஊசி போடுவதும் அவர்களுடைய சளியைச் சோதனைக்கு எடுத்து வைப்பதும் அவள் வேலை. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது.

"பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து வாரேனுங்கக்கா, அந்தக் காத்துதான்" என்றாள். இருமல் மருந்து குடித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள்.

தை மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. விட்டுவிட்டு வாந்தி. பிறகு வலிப்பு வந்து கண் திறக்காமல் கிடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் டாக்டர் முதுகுத்தண்டு நீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் எழுந்து நேராக என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கொரு படம் எடுங்க."

ஈரம் காயாத ஃபிலிமை விளக்கின் முன் பிடித்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம், காசநோயாளிகளின் படங்களில் போலவே, வெளுத்துக் கிடந்தது. அவளுக்கே பார்க்கத் தெரியும்.

"நாந்தானுங்களா பாப்பாவுக்குக் குடுத்துப்போட்டேன்?"

"உனக்கு இங்கதான் வந்துச்சு அம்மணி. உன் தப்பு இல்ல."

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்த வாரமே குழந்தை போய்விட்டது.

மருந்து அவளைக் குணப்படுத்தியது. விடுப்பு முடிந்து வந்த அன்று, வார்டுக்குப் போகுமுன் பெரிய டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், இங்க வேல செய்யற எல்லாத்துக்கும் வருசா வருசம் படம் எடுக்கோணுங்க. கூட்டறவங்களுக்கும்."

அவர் சரி என்றார்.

முதல் வருடமே, வார்டு கூட்டும் ஒரு பெண்ணுக்கு நோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவளுக்கு மருந்தும் அவளுடைய கைக்குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருந்து முடிந்ததும் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்ஸைத் தேடி வந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், ஒருக்கா வாங்கிக்குங்க."

கையை நீட்டிய நர்ஸ் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தூங்கறா கண்ணு, எழுப்பிப்போடாத" என்றாள்.

குழந்தை நன்றாக விழித்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவள் வார்டுக்குத் திரும்பிவிட்டாள்.