தக்காளி விலைக்கு மேலே நான்கு வரி

பல் துலக்குவதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து, பி.எச்.பி. செத்துவிட்டதா என்று பார்த்துவிடுவார் ஜெரோம். இணையதளங்கள் எழுதப் பயன்படும் கணினி மொழி அது. இருபது வருடமாக அவருக்குச் சோறு போடுவதும் அதுதான். அதற்கு நாள் குறிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் திண்டுக்கல்லிலிருந்து பதில் போகும். “காலங்காத்தால யாரு செத்தான்னு தேடுறீங்க?” என்று மனைவி அன்புக்கரசி கேட்டால், “இன்னும் இல்ல” என்பார். அந்தக் குரலில் நிம்மதி இருக்காது.

வயது நாற்பத்தாறு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறைதான் அலுவலகம். தளத்தின் நகலில் திருத்தி, சரிபார்த்து, பிறகுதான் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். தான் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் தளத்திலேயே கை வைப்பார். “அம்புட்டுக்கு நேரம் ஏது?” சேமித்த மறு நொடி ஊரே பார்க்கலாம், இந்தச் சுகம் வேறு எந்த மொழியில் உண்டு என்பது அவர் கட்சி.

பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருப்பதில் பெரியது ஒட்டன்சத்திரம் முனியப்பனின் காய்கறி மண்டி. காலையில் அந்தத் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் வண்டியில் கூடை ஏற்றுவார்கள். படித்து முடித்து ஊர் திரும்பிய முனியப்பன் மகன் முகேஷ்குமார், போன வாரம் பி.எச்.பி.க்கு நாள் குறிக்கும் இணைய விவாதம் ஒன்றின் சுட்டியை ஜெரோமுக்கு அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. மண்டியும் கழன்றுகொள்ளுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

நேற்றுக் காலை திரையின் ஒரு பாதியில் அந்த விவாதம், மறு பாதியில் மண்டித் தளத்தின் விலைப் பக்கம். வழக்கமாகப் புள்ளிவிவரமாக அடுக்குகிறவருக்கு நேற்று ஒன்றும் வரவில்லை. நான்கே வரி எழுதினார்:

‘செத்துரும் செத்துரும்னு சொல்றீங்க.
எனக்கு வயசு நாப்பத்தாறு.
வேற மொழி ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன், ஏறல.
இது போனா நான் என்ன செய்யுறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.’

அனுப்ப வெட்கமாக இருந்தது. வெட்டி எடுத்துவிட்டு, மண்டிப் பக்கத்தில் பாதியில் விட்ட திருத்தத்துக்குத் திரும்பினார். முன்பே நகலெடுத்து வைத்திருந்த வரியைத்தான் ஒட்டுகிறோம் என்று நினைத்து ஒட்டினார், சேமித்தார், பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றினார். அதைக் குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. முனியப்பன்.

“ஏனுங்க ஜெரோம், தக்காளி வெலைக்கு மேல என்னமோ எழுதியிருக்குதுங்களே” என்றவர், நான்கு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். ஜெரோம் ஒரு கையில் போன் இருக்க மறு கையால் அழித்தார், சேமித்தார். கண் இமைக்கும் நேரத்தில் பக்கம் பழையபடி ஆகிவிட்டது. பெருமைப்பட வேண்டிய வேகம்தான்.

“கை தவறிருச்சுங்க. எடுத்துட்டேன்.”

மண்டி இரைச்சலுக்கு மேல் முனியப்பன் குரல் வந்தது.

“எடுத்தாச்சு, செரிங்க. அதுக்கு முன்னாலயே பையன் படிச்சுப்போட்டானுங்க. பக்கத்துலதான் நிக்கறான். உங்ககிட்டப் பேசோணுமாம், குடுக்கட்டுங்களா?”

அறையில் வேறு யாரும் இல்லை. ஜெரோம் நாற்காலியை விட்டு எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கணுக்கால்வரை இறக்கி விட்டுக்கொண்டு, “குடுங்க” என்றார்.